ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கலாமா?

ஆய்வக வேலையில் இருக்கும் வாசகர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கருவி ஆறவில்லை, அதனால் வேலை ஓடவில்லை. 31 ஆண்டுகள் மருந்து, பூச்சிக்கொல்லி ஆய்வகங்களில் நின்றவள் நான். நின்ற நேரத்தில் பெரும்பகுதி ஏதோ ஒன்று ஆறுவதற்காகக் காத்து நின்றதுதான். அதனால் இந்த மாதம் முழுவதும் இதற்கே.

நான் ராணிப்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் கியூசி (தரக்கட்டுப்பாடு) கெமிஸ்ட். மாத்திரை மூலப்பொருளில் தங்கிவிட்ட கரைப்பான்களை ஜிசியில் (ஆவியாக்கிய கலவையை ஓவனுக்குள் இருக்கும் நீண்ட குழல் வழியே அனுப்பித் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி) பார்க்கிறேன். ஒவ்வொரு ரன் முடிந்ததும் ஓவன் 240 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறங்க வேண்டும். டிசம்பரில் 9 நிமிடத்தில் இறங்கியது. இப்போது மே மாதம், 14 நிமிடம் ஆகிறது. ஓவன் கதவைத் திறந்து வைத்து டேபிள் ஃபேன் போடச் சொல்கிறார் எங்கள் சார். "ஆக்கப் பொறுத்தது போதும், ஆறவும் பொறுக்க முடியாது, லாரி நிற்கிறது" என்கிறார். செய்யலாமா?
*— வாசகர், ராணிப்பேட்டை*

கதவைத் திறக்காதீர்கள் தம்பி. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: உங்கள் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் அறைதான் சூடாகிவிட்டது. 9 நிமிடம், 14 நிமிடம் என்று குறித்து அனுப்பினீர்களே, அந்த இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது.

ஓவனுக்குள் குளிர்பதனம் ஒன்றும் கிடையாது. ஆறும்போது பின்பக்க மடல்கள் திறக்கும், உள்ளே இருக்கும் விசிறி அறைக் காற்றை இழுத்துச் சுற்றிவிட்டுப் பின்பக்கமாக வெளியே தள்ளும். அவ்வளவுதான். ஆக, உங்கள் ஜிசியைக் குளிர்விப்பது நீங்கள் நிற்கும் அறையின் காற்று. சூடான பொருள் ஆறும் வேகம், அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது என்று 1701-இல் நியூட்டன் எழுதினார். வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும். முதல் நூறு டிகிரி மளமளவென்று இறங்கும். கடைசிப் பத்து டிகிரி உயிரை எடுக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறை 22 டிகிரியில் இருந்து, 240-லிருந்து 40-க்கு வர 9 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஓவன் 32 டிகிரி அறையில் 12 நிமிடம் எடுக்கும். 36 டிகிரி அறையில் 14 நிமிடத்தைத் தாண்டும். 50-லிருந்து 40-க்கு வருகிற அந்தக் கடைசிப் பத்து டிகிரியை மட்டும் பாருங்கள்: 22 டிகிரி அறையில் ஒன்றரை நிமிடம், 36 டிகிரி அறையில் நாலரை நிமிடம். உங்கள் 14 நிமிடத்தை வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஜிசி மூச்சு இழுக்கும் காற்று 36 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 27 காட்டலாம். அதை நம்ப வேண்டாம், கருவிக்குப் பின்னால் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

பின்னால் என்றதும் முதலில் பார்க்க வேண்டியது சுவர். ஓவன் ஆறும்போது வெளியே வரும் காற்று கையைச் சுடும். கருவியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் அந்தக் காற்று சுவரில் மோதித் திரும்பி மறுபடி ஓவனுக்குள்ளேயே போகும். ஒரு முழம் இடமாவது விடுங்கள். எதிரே இன்னொரு ஜிசியை முதுகோடு முதுகாக வைத்திருக்கிறார்களா? பல ஆய்வகங்களில் மேசை இடத்தை மிச்சம் பிடிக்க அப்படித்தான் வைக்கிறார்கள். ஒன்று விடும் சூட்டை மற்றது குடிக்கும். வெளிக்காற்றை மேலே திருப்பிவிடும் தகட்டு மூடி கிடைக்கும், போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் மேலே ஒரு எக்ஸாஸ்ட் குழாய் வையுங்கள். அதைக் கருவியோடு இறுக்கி இணைக்க வேண்டாம், சற்றுத் தள்ளி நின்று சூட்டை உறிஞ்சினால் போதும்.

அடுத்து ஏசி. ஒரு ஜிசி முழுவேகத்தில் சூடேறும்போது 2 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். உள்ளே போன அத்தனையும் கடைசியில் அறைக்குள்தான் சூடாக வந்து சேரும். ஒரு டன் ஏசி அகற்றுவது சுமார் 3.5 கிலோவாட். மூன்று ஜிசி, ஒரு ஹெட்ஸ்பேஸ் (மாதிரிக் குப்பியைச் சூடாக்கி அதன் ஆவியை ஜிசிக்குள் அனுப்பும் கருவி), இரண்டு கம்ப்யூட்டர், நான்கு ஆட்கள் இருக்கிற அறைக்கு ஒன்றரை டன் ஏசி போட்டுவிட்டு "கருவி சரியில்லை" என்று சொல்வது நியாயமில்லை. உங்கள் சாரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஏசியின் காற்று நேராக ஜிசியின் தலையில் அடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தால் ஜிசி வரையும் படத்தின் அடிக்கோடு அலையும், ஒவ்வொரு பொருளையும் காட்டும் உச்சிகளில் சின்னவை அதில் மூழ்கிப்போகும்.

இப்போது கதவு விஷயம். பல கருவிகளில் கதவைத் திறந்தவுடன் பாதுகாப்புக்காக ஹீட்டரோடு விசிறியும் நின்றுவிடும். 240 டிகிரிக் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும், அது முதல் கேடு. உள்ளே இருக்கும் காற்று ஆறிவிடும். சுவர்களும் உள்பஞ்சும் ஆறியிருக்காது. கதவைச் சாத்தியதும் சூடு மறுபடி ஏறும். நீங்கள் 40 என்று பார்த்தது 46 ஆகி, பிறகு மெதுவாக இறங்கும். அந்த ஊசலாட்டத்தில் மாதிரியை உள்ளே செலுத்தினால் முன்னால் வரும் மெத்தனால், டைகுளோரோமீத்தேன் உச்சிகள் ரன்னுக்கு ரன் இடம் மாறும். பென்சீனுக்கு வரம்பு 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அந்த உச்சி நகர்ந்து பக்கத்து உச்சியோடு ஒட்டிக்கொண்டால் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள்? சாப்பிடப்போகிறவருக்கு உங்கள் லாரி அவசரம் தெரியாது.

நேரத்தை மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. உங்களுடையது மருந்தியல் நூல் சொல்லும் முறை என்றால் 40 டிகிரியில் 20 நிமிடம், நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 240 வரை, அங்கே இன்னொரு 20 நிமிடம், ஆக ஒரு மணி நேரம். அதை நீங்களாக மாற்ற முடியாது. ஆனால் கம்பெனியே உருவாக்கிச் சரிபார்க்கும் முறைகளில் தொடக்கத்தை 40-க்குப் பதில் 50 என்று வைக்க முடியுமா என்று கேளுங்கள். 32 டிகிரி அறையில் கூட 50-க்கு இறங்க 9 நிமிடமே ஆகும். அந்தப் பத்து டிகிரிக்காகத்தான் இத்தனை பாடு. முன்னால் வரும் உச்சிகள் பிரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, முறையாகச் சரிபார்த்து, எழுதி வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

புதுக் கருவி வாங்கும் பேச்சு எழுந்தால், குழலைச் சுற்றியே சூடேற்றும் கம்பியைச் சுற்றிய வகைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பெட்டி நிறையக் காற்றையும் தகட்டையும் சூடாக்காமல் அந்தக் குழலை மட்டும் சூடாக்குவதால் ஆறுவதும் சீக்கிரம். இருக்கிற ஓவனுக்கே உள்ளே வைத்து இடத்தைக் குறைக்கும் செருகல்களும் உண்டு.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, நான் வேலை செய்த இடத்தில் ஜெனரேட்டரில் கருவிகளுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தார்கள், ஏசிக்குக் கொடுக்கவில்லை. 24 குப்பிகளை வைத்துவிட்டு இரவு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் மூன்றே ரன் முடிந்திருக்கிறது. அறை 37-ஐத் தொட்டிருக்கிறது, ஓவன் 41-இல் நின்றுவிட்டது. அறை வெப்பத்தைவிட ஏறக்குறைய 4 டிகிரி கூடுதலாக இருக்கும் அளவு வரைதான் இந்த ஓவன்களால் இறங்க முடியும். "தயாரில்லை" என்ற விளக்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது. ஹெட்ஸ்பேஸில் ஒரு மணி நேரம் சூடாக வேண்டிய குப்பி ஆறு மணி நேரம் 80 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது. மாதிரி தீர்ந்து போயிருந்தது, மறுபடி எடுக்க வழியில்லை. அன்று என் கையால் "முடிவில்லை" என்று எழுதினேன். அந்த வார்த்தையை எழுதிய வலி இன்னும் இருக்கிறது. அதனால் கேட்கிறேன், உங்கள் ஹெட்ஸ்பேஸில் ஜிசியின் சுழற்சி நேரம் (ஒரு ரன் தொடங்கி அடுத்ததற்குத் தயாராகும் வரை) என்று ஒரு எண் கேட்கும் அல்லவா? டிசம்பரில் கொடுத்த எண்ணே இன்னும் இருக்கிறதா? இருந்தால் இன்றே 5 நிமிடம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குப்பியும் வெவ்வேறு நேரம் சூடாகிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஜிசியில் ஓவனைச் சீக்கிரம் குளிர்விக்கத் திரவ கார்பன் டை ஆக்சைடு இணைப்பு இருக்கிறது. சிலிண்டர் வெளியே வெயிலில் கூண்டுக்குள் நிற்கிறது. ஜனவரியில் பிரமாதமாக வேலை செய்தது. ஏப்ரலிலிருந்து சிலிண்டர் நிறைய இருந்தும் குளிரவில்லை. விற்றவர் நாசிலை மாற்றச் சொல்கிறார்.
*— வாசகி, கடலூர்*

நாசிலுக்குச் செலவு செய்யும் முன் சிலிண்டரை நிழலுக்குக் கொண்டுபோங்கள் அம்மா. கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரி என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக இருக்காது. கடலூர் வெயிலில் 38 டிகிரியில் நிற்கும் சிலிண்டருக்குள் நீங்கள் நினைக்கும் திரவமே இல்லை. திரவம் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பம்தான் உங்கள் ஓவனைக் குளிர்விக்கிறது. திரவம் இல்லையென்றால் குளிரில் பெரும்பகுதி போய்விட்டது. உள்ளே அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும், அதுவும் நல்லதல்ல.

25 டிகிரிக்குள் இருக்கும் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். குழாய் வெளியே வெயிலில் ஓடினால் அதற்கும் உறை போடுங்கள். வாங்கும்போது உள்ளே அடிவரை குழாய் இறங்கிய சிலிண்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மேலே இருக்கும் வாயுதான் வரும். சிலிண்டர் அறைக்குள் வந்தால் கார்பன் டை ஆக்சைடு அலாரமும் கூடவே வர வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

என் மகள் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கருவியைக் குளிர்விக்க வாரம் இரண்டு முறை திரவ நைட்ரஜனைக் குடுவையில் எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு லிஃப்டில் போகிறாளாம். "ஒன்றும் ஆகாதும்மா, நைட்ரஜன் காற்றில் இருப்பதுதானே" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.
*— ஒரு தாய், திருநெல்வேலி*

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. இந்தப் பக்கத்தை அப்படியே மகளுக்கு அனுப்புங்கள்.

மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக் குச்சிகளை வைத்திருக்கும் அலுமினியக் கேனைப் பார்த்திருப்பீர்கள், மூடியைத் திறந்தால் புகை வருமே, அதே திரவம்தான். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும். பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு நல்ல வேலைக்காரன். ஆபத்து குளிரில் மட்டும் இல்லை. ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். நைட்ரஜன் விஷமில்லை, மகள் சொல்வது உண்மை. ஆனால் அது ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும்.

ஒரு சிறிய லிஃப்டில் சுமார் 5,000 லிட்டர் காற்று இருக்கும். குடுவை சாய்ந்து 2 லிட்டர் கொட்டினால் 1,400 லிட்டர் நைட்ரஜன் வரும். 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 16-க்குப் பக்கத்தில் வந்துவிடும், 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று தொழிற்பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டால்? மூச்சுத் திணறல் கூடத் தெரியாது. நமக்கு மூச்சு முட்டும் உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படி உணர்வதில்லை. தலை லேசாகச் சுற்றும், அப்புறம் நினைவு போகும்.

அதனால் முறை இது: குடுவை தனியாக லிஃப்டில் போக வேண்டும், ஆள் படியில் ஏற வேண்டும். மேலே ஒருவர் வாங்க நிற்க வேண்டும். இடையில் வேறு யாரும் ஏறாதபடி லிஃப்டுக்குள் ஒரு பலகையை மாட்ட வேண்டும். குடுவையை இறுக்கமாக மூடக் கூடாது, வெடிக்கும். கையுறை சுலபமாக உதறி எறியக்கூடிய தளர்ந்த வகையாக இருக்க வேண்டும். துணிக் கையுறை திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முகத்துக்குத் தடுப்பு, காலுக்கு மூடிய காலணி. "மேலதிகாரி நேரமில்லை என்கிறார்" என்று அவள் சொன்னால், நான்கு மாடி ஏற மூன்று நிமிடம்தான் ஆகும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் சேர்மத்தின் கார்பன் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுக்க ஒரு இரவு முழுக்க, 16 மணி நேரம் ஆகிறது. "கிரையோபுரோப் இருக்கும் இடத்துக்கு அனுப்பு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்" என்கிறார் நண்பர். குளிர்வித்தால் எப்படி வேகம் கூடும்? என் மாதிரி உறைந்து போகாதா?
*— ஆய்வு மாணவர், மதுரை*

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நண்பர் சொல்வது கூடுதலாகத் தோன்றும், கணக்கு அப்படியே வருகிறது.

மேலே பார்த்த ஜிசியில் சூட்டை அகற்றினால்தான் அடுத்த ரன். இங்கே குளிர் செய்யும் வேலை வேறு. உங்கள் மாதிரியிலிருந்து வரும் சமிக்ஞை மிக மெலிது. அதைப் பிடிக்கும் கம்பிச்சுருளில் உள்ள எலக்ட்ரான்கள் சூட்டினால் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். அதுவே இரைச்சல். 1928-இல் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் காரணம் சொன்னார். சந்தையில் நின்றுகொண்டு கிசுகிசுவைக் கேட்கப் பார்ப்பதுபோல், ஒரே அலையைத் திரும்பத் திரும்ப ஆயிரக்கணக்கில் எடுத்துக் கூட்டுகிறீர்கள். சமிக்ஞை எத்தனை தடவைகளோ அத்தனை மடங்கு வளரும். இரைச்சல் அதன் வர்க்கமூல அளவுக்கே வளரும். அதனால் தெளிவு இரண்டு மடங்காக நான்கு மடங்கு நேரம், நான்கு மடங்காகப் பதினாறு மடங்கு நேரம்.

கிரையோபுரோப் அந்தக் கம்பிச்சுருளை ஹீலியம் வாயுவால் சுமார் 20 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 253 டிகிரிக்குக் கொண்டுபோகிறது, சமிக்ஞையின் முதல் பெருக்கியையும் குளிர்விக்கிறது. சந்தையின் சத்தமே அடங்கிவிடுகிறது. தெளிவு 4 மடங்கு வரை கூடும். 4-இன் வர்க்கம் 16. உங்கள் 16 மணி நேரம் 1 மணி நேரமாகிறது.

மாதிரி உறையாது. சுருளுக்கும் உங்கள் குழாய்க்கும் இடையே சில மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. குழாயைச் சுற்றி மிதமான வாயு ஓடிக்கொண்டே இருக்கும், மாதிரி 25 டிகிரியில் சுகமாக இருக்கும். அந்த வாயு நின்றுவிட்டால் மட்டும் நீர் மாதிரி உறைந்து குழாய் உடையலாம். அதைக் கருவியைப் பார்த்துக்கொள்பவர் கவனிப்பார். நீங்கள் கவனிக்க வேண்டியது உப்பு. உப்பு நிறைந்த கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், அதுவே இரைச்சலைக் கொண்டுவரும், குளிரின் லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கச் சேர்க்கும் உப்பு) செறிவைக் குறைத்துக்கொண்டு அனுப்புங்கள். சேர்மம் வெறும் குளோரோஃபாரத்தில் கரைந்திருந்தால் கவலையே இல்லை.

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரில் உள்ள உலோகங்களை அளக்கும் ஐசிபி கருவியைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தை 15 டிகிரிக்கு இறக்கிவிட்டோம், கருவி சீக்கிரம் தயாராகும் என்று. இப்போது கருவிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. குழாய் கசிகிறதா?
*— வாசகர், தூத்துக்குடி*

கசிவாக இருக்காது, வியர்வை. உங்கள் ஊர்க் கடற்காற்றில் ஏசி நின்ற நேரத்தில் 25 டிகிரியிலேயே காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். 15 டிகிரிக் குழாய் ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வேர்க்கும். வெளியே சொட்டுவது பரவாயில்லை. உள்ளே உயர் மின்னழுத்தப் பகுதியில் சொட்டினால் போர்டு போய்விடும். கருவிக்குள் இருக்கும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயுச் சுடர்) 6,000 டிகிரிக்கு மேல், அதற்கு உங்கள் 15-க்கும் 20-க்கும் வித்தியாசம் தெரியாது. ஓட்டமும் அழுத்தமும் சரியாக இருப்பதே முக்கியம். கையேடு சொன்ன அளவுக்கே திருப்பி வையுங்கள். இரவில் ஏசியை அணைக்கிறவர் சில்லரையும் அணைத்துவிட்டுப் போகட்டும்.

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. பேரியம் சல்பேட்டை எரித்த குருசிபிள் (சிறு பீங்கான் கிண்ணம்) ஆற அரை மணி நேரம் ஆகிறது. லேப் நேரம் மூன்று மணிதான். ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாமா?
*— மாணவி, தஞ்சாவூர்*

வேண்டாம் கண்ணு. ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் படியும், எடை கூடும். அரைச்சூட்டில் தராசில் வைத்தாலும் தவறுதான். சூடான காற்று மேலே எழும்பித் தட்டை லேசாகத் தூக்கும், எடை குறைவாகக் காட்டும். டெசிகேட்டருக்குள் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கண்ணாடிப் பாத்திரம்) வைத்ததும் மூடியை ஒரு நூல் இடைவெளி விட்டு அரை நிமிடம் கழித்து நகர்த்தி மூடு. உடனே மூடினால் உள்ளே விரியும் காற்று மூடியைத் தள்ளிவிடும். கண்ணாடி உடைந்து நான் பார்த்திருக்கிறேன். ஆறிய பிறகு உள்ளே அழுத்தம் குறைந்து மூடி ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்காதே, பக்கவாட்டில் மெல்லத் தள்ளு, காற்று உடனே பாய்ந்தால் சிலிக்கா ஜெல் தூள் பறந்து உன் குருசிபிளில் விழும். அந்த அரை மணி நேரத்தில் இரண்டாவது குருசிபிளைச் சூடாக்கி எடுத்துவிடு.